ஊருக்கெல்லாம் பிரேக் செய்தவன்

(தலைப்பு: பணி ஓய்வு – பரிசா? தண்டனையா? ‘பரிசே’ என்ற அணியில் மூன்றாவதாகப் பேசியவர், கோவை பீளமேட்டில் பிறந்து, அமெரிக்காவின் டிட்ராய்ட் நகரில் நாற்பது ஆண்டுகள் வாழ்ந்து ஓய்வு பெற்ற பொறியாளர்.)



எதிரணித் தலைவர் ரொம்ப அழகாகப் பேசினார். “ஓய்வு என்றால் துரு. ஓடுகிற வண்டி துருப்பிடிக்காது. நிறுத்தின வண்டிதான் துருப்பிடிக்கும்” என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். ஆனால் ஐயா, நான் கார் செய்கிற ஊரிலிருந்து வந்திருக்கிறேன். டிட்ராய்ட்டில் பனிக்காலத்தில் ரோட்டில் ஐஸ் கட்டிக் கிடக்கும். அதை உருக்க மூட்டை மூட்டையாக உப்பைக் கொட்டுவார்கள். அந்த ஊருக்கு அடியிலேயே உப்புச் சுரங்கம் இருக்கிறது. அந்த உப்பு ரோட்டில் தினம் ஓடுகிற வண்டிதான் நாலே வருஷத்தில் அடித்தட்டு ஓட்டையாகிப் பல்லை இளிக்கும். ஷெட்டில் துடைத்து நிறுத்தின வண்டி நாற்பது வருஷமானாலும் மணப்பெண் மாதிரி நிற்கும்! (கைதட்டல்)

நடுவர்: அப்போ நீங்க ஷெட்டுல நிக்கற வண்டியா, ரோட்டுல ஓடற வண்டியா?

ரொம்ப நாள் ரோட்டில் ஓடின வண்டிங்க ஐயா. துருப்பிடிச்சதுக்கப்புறம்தான் ஷெட்டுக்கு வந்தேன். அந்தக் கதையைத்தான் சொல்லப் போறேன். (சிரிப்பு)

என் தொழில் என்ன தெரியுங்களா? பிரேக். காருக்கு பிரேக் பாகங்கள் வடிவமைக்கிற வேலை. 1982லிருந்து 2019 வரைக்கும் முப்பத்தேழு வருஷம் ஒரே கம்பெனி. ஊருக்கெல்லாம் பிரேக் செய்து கொடுத்தவன், எனக்கு நான் பிரேக் போட்டுக்கத் தெரியாமல் இருந்தேன். அதைக் கற்றுக் கொடுத்தது ஒரு சாமியார் இல்லை, டாக்டர் இல்லை. ஒரு பாட்டுக்காரர். அதுவும் கிடாரைத் தூக்கிக்கொண்டு தொண்டை கிழியக் கத்துகிற ராக் பாட்டுக்காரர். அவர் பெயர் பாப் சீகர்.

இங்கே பல பேருக்கு இந்தப் பெயர் புதுசாக இருக்கும். 1983ல் வந்த ‘ரிஸ்கி பிசினஸ்’ என்ற படத்தில், வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் பேன்ட் போட மறந்துவிட்டு டாம் க்ரூஸ் சட்டையும் சாக்ஸுமாக வழுக்கிக்கொண்டு வந்து ஆடுவாரே, அந்தப் பாட்டைப் பாடினவர்தான் இவர். (சிரிப்பு) பார்த்தீங்களா, மூன்றாவது வரிசைப் பையன்கள் எல்லாம் இப்போதான் நிமிர்ந்து உட்காருகிறார்கள்!

1979 ஆகஸ்ட். நான் கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் முடித்துவிட்டு, டிட்ராய்ட்டில் வேன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் மேல்படிப்புக்குப் போய் இறங்கினேன். அப்பா கடன் வாங்கித்தான் அனுப்பினார். செலவுக்கு சாயங்காலம் ஒரு உணவு விடுதியில் பாத்திரம் கழுவுகிற வேலை. அம்மாவுக்குக் கடிதம் எழுதும்போது மட்டும் ‘லைப்ரரியில் வேலை’ என்று எழுதுவேன். (சிரிப்பு)

அந்தப் பனிக்காலம் டிட்ராய்ட்டுக்கே கெட்ட காலம். கார் விற்கவில்லை. 1980 ஜனவரியில் அரசாங்கமே 150 கோடி டாலர் கடனுக்கு ஜாமீன் நின்று க்ரைஸ்லர் கம்பெனியைக் காப்பாற்ற வேண்டி வந்தது. ஆயிரக்கணக்கான தொழிலாளிகள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். அப்படி வேலை போன ஒருத்தர் என் பக்கத்தில் நின்று பாத்திரம் கழுவினார். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். மூன்று பிள்ளைகள். அவர் ஜன்னலில் ஒரு சின்ன ரேடியோ வைத்திருப்பார். ஒரு நாள் அதில் ஒரு குரல் வந்தது. கரகரப்பான குரல். அந்த மனிதர் கையில் சோப்பு நுரையோடு அப்படியே நின்றுவிட்டார். என்னைப் பார்த்து, “கேளு, இவன் நம்ம ஊர்ப் பையன்” என்றார்.

‘நம்ம ஊர்ப் பையன்’. அந்த ஒரு வார்த்தை என்னை என்னமோ செய்தது. நான் பீளமேட்டுக்காரன். எனக்கு அந்த ஊரில் யாரும் இல்லை. அன்றைக்குத்தான் முதல் முதலாக அந்த ஊர் எனக்கும் கொஞ்சம் நம்ம ஊர் மாதிரி ஆச்சு.

அந்தப் பாட்டு ‘அகெய்ன்ஸ்ட் த விண்ட்’. எதிர்க்காற்றில் ஓடுவது என்று அர்த்தம். அதே பெயரில் வந்த இசைத்தட்டு 1980ல் அமெரிக்கா முழுக்க ஆறு வாரம் முதலிடத்தில் இருந்தது. வேலை போன ஊரிலிருந்து வந்த இசைத்தட்டு, நாட்டுக்கே முதல் இசைத்தட்டு. அந்த ஜூன் மாதம் என் பாத்திர நண்பர் எனக்கும் ஒரு டிக்கெட் வாங்கி, டிட்ராய்ட்டில் கோபோ ஹாலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். வேலை இல்லாத மனுஷன், எனக்கு டிக்கெட் வாங்கினார். அதை இன்றைக்கும் நினைத்தால் தொண்டை அடைக்கும்.

நடுவர்: பாட்டு எப்படி இருந்தது?

காது ரெண்டு நாள் கேட்கலைங்க! (சிரிப்பு) ஆனால் மனசு கேட்டது.

நண்பர்களே, இந்த பாப் சீகர் யார்? 1945ல் டிட்ராய்ட்டில் பிறந்தவர். பக்கத்தில் ஆன் ஆர்பர் என்ற ஊரில் வளர்ந்தவர். அப்பா ஃபோர்டு கம்பெனியில் மருத்துவப் பிரிவில் வேலை பார்த்தவர், வாத்தியங்கள் வாசிப்பார். பையனுக்குப் பத்து வயதாகும்போது அந்த அப்பா குடும்பத்தை விட்டுவிட்டுப் போய்விட்டார். வசதியாக இருந்த குடும்பம் ஒரே அறைக்கு வந்தது. இதை ஞாபகத்தில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

பள்ளிக்கூட வயதிலேயே பாட ஆரம்பித்தவர். அவரோடு பழகின டிட்ராய்ட் பையன்களில் க்ளென் ஃப்ரே என்று ஒருவர், கலிபோர்னியாவுக்குப் போய் ‘ஈகிள்ஸ்’ குழுவில் உலகப் புகழ் பெற்றார். சீகர் ஊரை விட்டுப் போகவில்லை. மிச்சிகன் மாநிலத்தில் அவர் பாட்டு தெரியாத வீடு கிடையாது. எல்லை தாண்டினால் ஆளே தெரியாது. 1976 ஜூன் மாதம் டிட்ராய்ட் பக்கத்தில் பான்டியாக் என்ற ஊரில், பெரிய மைதானத்தில் பாடுகிறார். எண்பதாயிரத்தைத் தொடுகிற கூட்டம்! மறுநாள் ராத்திரி சிகாகோவில் பாடுகிறார். ஆயிரம் பேர்கூட இல்லை. சென்னைக்கும் மதுரைக்கும் எவ்வளவு தூரமோ, டிட்ராய்ட்டுக்கும் சிகாகோவுக்கும் அவ்வளவு தூரம்தான். மதுரையில் திருவிழா, சென்னையில் “யாருப்பா நீ?” அப்படிப் பத்து வருஷத்துக்கும் மேலே ஊர் ஊராக ஓடி ஓடித்தான் மேலே வந்தார். ராத்திரி ரோட்டுப் பயணத்தின் அலுப்பைப் பற்றியே ‘டர்ன் த பேஜ்’ என்று ஒரு பாட்டு எழுதினார். அதில் ஆல்டோ ரீட் என்கிறவர் சாக்ஸபோனில் ஒரு இழுப்பு இழுப்பார் பாருங்கள், நடுராத்திரி பஸ் ஸ்டாண்டில் தனியாக நிற்கிற மாதிரி இருக்கும்.

பேர் வந்தது, பணம் வந்தது, 1996ல் ஒரு பெரிய சுற்றுப்பயணம் போனார். அதுக்கப்புறம் என்ன செய்தார் தெரியுமா? நிறுத்திவிட்டார்! பத்து வருஷம் ஊர் சுற்றிப் பாடப் போகவில்லை. ஏன்? வீட்டில் ரெண்டு குழந்தைகள். சின்னக் குழந்தைகள். பத்து வயதில் அப்பா வீட்டை விட்டுப் போனால் ஒரு பையனுக்கு எப்படி இருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. (கைதட்டல்)

எதிரணி சொல்கிற துரு பிடித்ததா? பாய்மரப் படகு ஓட்டினார். மிச்சிகனில் ஹியூரான் ஏரியில் வருஷா வருஷம் நடக்கிற மேக்கினாக் படகுப் போட்டியில் 2001லும் ஜெயித்தார், 2002லும் ஜெயித்தார். 2006ல் குழந்தைகள் வளர்ந்த பிறகு புது ஆல்பத்தோடு திரும்பி வந்தார். அரங்கம் நிறைந்தது. பத்து வருஷம் ஜனங்கள் மறக்கவில்லை. நாம்தான் பத்து நாள் லீவு போட்டால் ஆபீஸ் இடிந்து விழுந்துவிடும் என்று நினைக்கிறோம்!

இப்போ என் கதைக்கு வருகிறேன். 1996ல் என் பெண்ணுக்கு ஒன்பது வயது. நான் அப்போது வாரத்துக்கு எழுபது மணி நேரம் வேலை. சனிக்கிழமையும் போவேன். என் மனைவி ஒரு நாள் சொன்னாள்: “ஏனுங்க, கோடி கோடியா சம்பாதிக்கிற உங்க பாட்டுக்காரரே குழந்தைங்களுக்காக வீட்டுல உக்காந்துட்டாரு. நீங்க என்னமோ நீங்க போகலைன்னா அமெரிக்காவுல ஒரு கார்கூட நிக்காதுங்கற மாதிரி ஓடறீங்களே!” (பலத்த சிரிப்பு)

நான் என்ன சொன்னேன்? “இன்னும் ஒரு வருஷம் அம்மிணி. இந்த புராஜெக்ட் முடியட்டும்.” அந்த ஒரு வருஷம் இருபத்து மூன்று வருஷம் ஆச்சு, நடுவர் அவர்களே.

பீளமேட்டில் அம்மா. தம்பி வீட்டில் இருந்தார்கள். அப்பா போன பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் பேசுவேன். கடைசியில் ஒரே கேள்விதான் கேட்பார்கள்: “எப்பச் சாமி வருவே?” நானும் ஒரே பதில்தான் சொல்வேன்: “அடுத்த வருஷம்மா.” வருவேன், ரெண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை. ரெண்டு வாரம். அதில் ஒரு வாரம் கல்யாண வீடு, எழவு வீடு, பேங்க். அம்மாவோடு உட்கார்ந்து சாப்பிட்டது எத்தனை வேளை என்று விரல் விட்டு எண்ணலாம்.

2017ல் சீகருக்குக் கழுத்து, முதுகெலும்பில் கோளாறு வந்து சுற்றுப்பயணம் பாதியில் நின்றது. சிகிச்சை முடிந்து வந்தார். 2018ல் அறிவித்தார்: இதுதான் கடைசிச் சுற்றுப்பயணம். இதோடு சரி. டிட்ராய்ட்காரர்களுக்கு 2019 ஜூன் மாதம் ஆறு கச்சேரி, கிளார்க்ஸ்டன் என்கிற ஊரில், திறந்தவெளி அரங்கில். அவருக்கு வயது எழுபத்து நாலு.

என் பெண் டிக்கெட் வாங்கி வந்தாள். எனக்கு, அவள் அம்மாவுக்கு, அவளுக்கு. அந்த அரங்கத்தில் மேலே ஒரு புல்மேடு இருக்கும். விலை குறைந்த டிக்கெட் அங்கேதான். ஜமுக்காளம் விரித்து உட்கார வேண்டியதுதான். கார் நிறுத்துகிற இடத்திலேயே என் மனைவி டப்பாவைத் திறந்து தயிர்சாதம் போட்டாள். பக்கத்துக் காரில் ஒரு வெள்ளைக்காரத் தாத்தா இறைச்சி சுட்டுக்கொண்டிருந்தார். மாவடு ஒண்ணு கொடுத்தோம். கடித்துவிட்டு அவர் போட்ட சத்தம் இருக்கிறதே, சீகரைவிட உச்சஸ்தாயி! (சிரிப்பு)

உள்ளே போய் உட்கார்ந்தேன். சுற்றிப் பார்த்தால் எல்லாம் நரைத்த தலை. காய்ப்பு ஏறின கைகள். கார் தொழிற்சாலைகளில் முப்பது வருஷம், நாற்பது வருஷம் நின்ற ஜனங்கள். பேரனைத் தோளில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். 1980ல் என்னைக் கூட்டிக்கொண்டு போன நண்பர் அன்றைக்கு உயிரோடு இல்லை. அவரைத் திரும்பத் தொழிற்சாலைக்குக் கூப்பிட்டார்கள். “இன்னும் ஒரு வருஷம், இன்னும் ஒரு வருஷம்” என்று போய்க்கொண்டே இருந்தவர், ஓய்வு பெறாமலேயே போய்ச் சேர்ந்தார். அவருக்கும் சேர்த்துத்தான் நான் உட்கார்ந்திருந்தேன்.

மேடையில் அந்த மனிதர் வந்தார். முடி பூராவும் வெள்ளை. கண்ணாடி. குரலில் அந்தப் பழைய கரகரப்பு. ‘டர்ன் த பேஜ்’ ஆரம்பித்தது. ஆல்டோ ரீட்டின் சாக்ஸபோன். பதினைந்தாயிரம் பேர் மூச்சை அடக்கிக்கொண்டு இருக்கிறார்கள்.

அப்போ என் பாக்கெட்டில் போன் அடிக்கிறது. ஆபீஸ்!

நான் என்ன செய்தேன்? வெட்கப்பட்டுச் சொல்கிறேன். எழுந்துவிட்டேன். முப்பத்தேழு வருஷப் பழக்கம். ஜமுக்காளத்தைத் தாண்டி ஒரு கால் வைத்துவிட்டேன். என் பெண் கையைப் பிடித்தாள். ஒன்பது வயதில் ஒரு நாள்கூட என் கையைப் பிடித்து நிறுத்தாத பெண், முப்பத்திரண்டு வயதில் பிடித்தாள். “அப்பா, போன் நாளைக்கும் வரும். இவரு நாளைக்கு வர மாட்டாரு. உக்காருங்க” என்றாள்.

உட்கார்ந்தேன். போனை அணைத்தேன். பிரேக்கு, நடுவர் அவர்களே! முதல் முதலாகப் போட்டேன். (நீண்ட கைதட்டல்)

அந்த செப்டம்பர் முப்பதாம் தேதி ஓய்வு பெற்றேன். கம்பெனியில் “இன்னும் ஒரு வருஷம் இருங்களேன்” என்றார்கள். என் வசனத்தையே எனக்குச் சொன்னார்கள்! நவம்பர் ஒண்ணாம் தேதி பிலடெல்பியாவில் சீகர் கடைசிக் கச்சேரியை முடித்தார். டிசம்பர் இருபதாம் தேதி நான் பீளமேட்டில் அம்மா முன்னால் நின்றேன்.

மூன்றாம் நாள் அம்மா கேட்டார்கள், “எத்தனை நாள் சாமி லீவு?” நான் சொன்னேன், “லீவு இல்லீங்கம்மா. வேலையே முடிஞ்சுது.” அம்மா முகம் வெளுத்துப் போச்சு. “அய்யோ, வேலையை விட்டுத் தூக்கிப் போட்டாங்களா? நீ ஒண்ணும் கவலைப்படாதே கண்ணு, தோட்டத்துப் பங்கு இருக்குது!” (சிரிப்பு) எண்பத்தாறு வயது அம்மா, அறுபத்து மூன்று வயதுப் பையனுக்குச் சோறு போடுகிறேன் என்கிறார்கள்.

எழுபத்திரண்டு நாள் இருந்தேன். தினமும் அரிசிம்பருப்புச் சோறு வேணும் என்றேன். பக்கத்தில் உட்கார்ந்து, “உப்புப் போதுமா பாரு” என்று மருமகளுக்குச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். சாயங்காலம் கையைப் பிடித்துப் பிள்ளையார் கோவிலுக்கு நடத்திக் கூட்டிப் போவேன். ஒரு நாள் அந்த வழியில் அம்மா கேட்டார்கள்: “அந்தக் காலத்துல லைப்ரரியில வேலைன்னு எழுதுவியே, மெய்யாலுமே லைப்ரரிதானா?” நாற்பது வருஷம் கழித்து உண்மையைச் சொன்னேன். “எனக்கு அப்பவே தெரியும். கடுதாசியில ஒரே சோப்பு வாசம்” என்றார்கள். (சிரிப்பு, கைதட்டல்)

2020 மார்ச் முதல் தேதி கிளம்பினேன். மூன்று வாரத்தில் உலகமே பூட்டிக்கொண்டது. வழக்கமான விமானங்கள் நின்றன. ஜூலை மாதம் அம்மா போய்விட்டார்கள். சிறப்பு விமானத்தில் இடம் பிடித்து, தனிமைப்படுத்தல் முடிந்து நான் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். போன் திரையில் பார்த்தேன். கொள்ளி வைத்தது தம்பி. மூத்த பையன் நான் டிட்ராய்ட்டில் ஒரு அறையில் உட்கார்ந்து பார்த்தேன்.

அழுதேன். ஆனால் ஐயா, அந்த எழுபத்திரண்டு நாள் இல்லாமல் அழுதிருந்தால், நான் எழுந்திருக்கவே மாட்டேன்.

அந்த டிசம்பர் மாதக் கடைசியில் ஆல்டோ ரீட்டும் புற்றுநோயில் காலமானார். யோசித்துப் பாருங்கள். சீகர் “இன்னும் ஒரு வருஷம்” என்று தள்ளிப் போட்டிருந்தால்? 2020ல் கச்சேரியே கிடையாது. கதவைச் சாத்திவிட்டார்கள். அதுக்கப்புறம் பக்கத்தில் நிற்க அந்த சாக்ஸபோன்காரர் கிடையாது. விடை சொல்ல ஜனங்களும் இருந்து, நண்பனும் இருந்து, குரலும் இருக்கும்போதே அவர் விடை சொன்னார்.

நடுவர்: ஒரு நிமிஷம். பென்ஷன் வர்றவங்க சொல்லலாம். அன்னாடம் கூலி வேலை பார்க்கிறவன் ஓய்வு எடுத்தா அடுப்பு எரியுமா? அவனுக்கு உங்க பதில் என்ன?

நியாயமான கேள்விங்க ஐயா. என் அப்பா சாகிற வரைக்கும் பவுண்டரியில் உழைத்தவர்தான். அவருக்கு ஓய்வு தண்டனையாக இல்லை. ஓய்வு கிடைக்காததுதான் தண்டனை! எழுபது வயதில் மூட்டை தூக்குகிறவரைப் பார்த்து “ஆஹா, என்ன சுறுசுறுப்பு” என்று கைதட்டுவது நமக்குச் சுலபம். அவரைக் கேட்டுப் பாருங்கள், ஓய்வு பரிசா, தண்டனையா என்று. (பலத்த கைதட்டல்)

எதிரணித் தங்கை கேட்டார், “மிக் ஜாகர் எண்பது வயசுக்கு மேலேயும் ஆடிப் பாடறாரே, கலைஞனுக்கு ஏது ஓய்வு?” என்று. ஆடட்டும் தங்கச்சி, நல்லா இருக்கட்டும். நான் அவரை உட்காரச் சொல்லவில்லை. சீகரும் பாட்டை விடவில்லை. 2023ல் நாஷ்வில்லில் ஒரு பாடகிக்குக் கௌரவம் செய்த விழாவில் எழுந்து ஒரு பாட்டுப் பாடிவிட்டுத்தான் உட்கார்ந்தார். அவர் விட்டது ரோட்டை. வீட்டை விட்டு விலகி இருக்கிற அந்த ஓட்டத்தை. நானும் பிரேக்கை மறக்கவில்லை. என் பேரனுக்கு சைக்கிள் பிரேக் சரி செய்து கொடுப்பது நான்தான். அவன் அம்மா ஒன்பது வயதில் சைக்கிள் ஓட்டக் கற்றபோது பின்னால் பிடித்துக்கொண்டு ஓட நான் இல்லை. இவன் பின்னால் ஓடுகிறேன். மூச்சு வாங்குகிறது. ஆனால் ஓடுகிறேன்.

ஒரு பிரேக் இன்ஜினியராக ஒரே ஒரு தொழில் ரகசியம் சொல்லி முடிக்கிறேன். பிரேக் எதற்கு என்று கேட்டால் வண்டியை நிறுத்துவதற்கு என்று சொல்வீர்கள். வண்டி எப்படியும் ஒரு நாள் நிற்கும். பெட்ரோல் தீர்ந்தால் நிற்கும், மரத்தில் மோதினால் நிற்கும். பிரேக் எதற்கென்றால், நாம் நினைத்த இடத்தில் நிறுத்துவதற்கு. உங்கள் வீட்டு வாசலில் நிறுத்துங்கள். உள்ளே யாரோ காத்திருக்கிறார்கள்.

ஓய்வு பரிசே என்று கூறி விடைபெறுகிறேன்.

(நீண்ட கைதட்டல்)

நடுவர்: இவர் பேசிட்டிருக்கும்போதே அரங்கத்துல நாலு பேர் போனை அணைச்சதை நான் பார்த்தேன். தீர்ப்பு எந்தப் பக்கம் போனாலும் சரி, அது இவருக்குக் கிடைச்ச மார்க்கு. அடுத்து, எதிரணியிலிருந்து...